கடைசி ஆளின் விசில்

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் புகையிலைத் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பதினான்கு ஜோடி காலுறைகளின் மேல்விளிம்பில் தடவினேன். அட்டை ஏறாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு முறை சோப்பு போட்டும் விரல் நாறுகிறது. இந்தத் தாளிலும் பழுப்பாக ஒட்டுகிறது.

காலாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறோம். எங்கள் வரையாடு மலைக்குழுவின் முப்பத்து நான்காவது முகாம். ஏழு பையன்கள், ஐந்து பெண்கள். நடத்துபவர் என் கணவர் கிருபாகரன். போடியில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பதினோரு வருடத்துக்கு முன்னால், பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் எல்லாம் ‘கூட ஒரு பொம்பள வருவாங்களா’ என்று கேட்டார்கள். அப்படித்தான் நான் வரத் தொடங்கினேன். அப்போது கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறை போதவில்லை. வேலையை விட்டேன்.

அஃப்ரின் என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இது முதல் முகாம். நடக்கும்போது கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லோர் போனையும் ஏன் வாட்சர் குடிசையில் பூட்டி வைத்தீர்கள், எனக்கு ஏன் பதின்மூன்றாம் எண். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். வரிசையில் மாஸ்டர் ஒன்று, நான் பதினான்கு. மூடுபனியில் ஆள் தெரியாதபோது அவர் ‘ஒண்ணு’ என்று குரல் கொடுத்தால், எண் ஒவ்வொருவராக ஓடி வந்து என்னிடம் முடியும். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. விசில் கடைசி ஆள் கழுத்தில்தான் இருக்கும். அதை ஊதினால் மாஸ்டர் உட்பட எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம். விதியை எழுதியவர் அவரேதான். குழுவின் உறுப்பினர் அட்டையில் மூன்றாவதாக அச்சிட்டிருக்கிறது.

“நீங்க எத்தன வாட்டி ஊதியிருக்கீங்க மிஸ்?”

பயிற்சிக்கு ஊதியிருக்கிறேன் என்றேன்.

ஆறு வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி. அக்கரையில், கைவிட்டுப்போன ஏலத்தோட்டத்தில் ஒரு பழைய ஸ்டோர் இருக்கிறது. ஏலக்காய் உலர்த்திய கல் கட்டடம். அங்கே ஓர் இரவு தங்கினால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள் என்பது மாஸ்டரின் எண்ணம். காட்டுக்குக் காவலிருக்கும் வாட்சர் குருசாமி குடிசை வாசலிலேயே தடுத்துப் பார்த்தார். “மேல இருட்டிக்கிட்டு வருது மாஸ்டர். ஆறு இப்ப இருக்க மாதிரி சாயங்காலம் இருக்காது.” இவர் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். இருபது வருடமாக இந்த ஆற்றைப் பார்க்கிறாராம்.

முதலில் முழங்கால் தண்ணீர்தான். மாஸ்டர் கயிற்றோடு கடந்து அக்கரையில் கட்டினார். பின்னால் இரண்டு பேர் ஏறினார்கள். அப்போது தண்ணீர் நிறம் மாறியது. டீ நிறம். சருகும் சுள்ளியும் கும்பல் கும்பலாக வந்தன. விசிலை எடுத்து ஊதினேன். நனைந்திருந்ததால் சத்தம் வரவில்லை. வரிசை போய்க்கொண்டே இருந்தது. நடு ஆற்றில் அஃப்ரினுக்குக் கால் வழுக்கியது. முன்னால் போன கபிலன், பதினாறு வயது, தலையிலிருந்த சாமான் மூட்டையை விட்டுவிட்டு அவள் சட்டையைப் பிடித்தான். மூட்டை ஆற்றோடு போனது. கயிற்றின் இக்கரை முனையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நான் கடைசியாக இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு மேல். அவர்கள் இழுத்துத்தான் கரையேறினேன்.

அரை மணி நேரத்தில், நாங்கள் மிதித்து வந்த பாறைகளில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை விடவில்லை. முன்னால் ஆறு. பின்னால் செங்குத்துப் பாறை. மலைக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுக்குப் போகும் மேல்பாதையைப் பார்க்க மாஸ்டரும் கபிலனும் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். மண் சரிந்து பாதி மலை வழியில் கிடக்கிறதாம்.

மிச்சமிருப்பவை: அரிசி, பாசிப்பருப்பு, உப்பு, அரைப் பொட்டலம் டீத்தூள். மசாலா, வெல்லம், பிஸ்கட், ரவை எல்லாம் அந்த மூட்டையில் போய்விட்டன. இரண்டு வேளைக் கஞ்சி என்று முடிவு செய்தேன்.

ஸ்டோருக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது, கூரைக்குக் கீழே கையளவு துவாரங்கள் மட்டும். சுவரில் மூக்கை வைத்தால் இன்னும் ஏலக்காய் மணக்கிறது. பிள்ளைகள் இதற்கு ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் கபிலன் படுத்துக்கொண்டே “ரூம் சர்வீஸ், காபி இன்னும் வரல” என்றான். யாருக்கு எத்தனை அட்டைக்கடி என்று போட்டி நடந்தது. அஃப்ரினுக்குப் பதினொன்று, முதல் பரிசு. “ஒங்க வீட்டு பிரியாணி ரத்தம்டி, அதான் வரிசைல நிக்கிது” என்றது ஒரு குரல். அவளும் சிரித்தாள். ஆனால் ஆற்றுப் பக்கம் போகமாட்டேன் என்கிறாள். முகம் கழுவக்கூட, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தட்டில் பிடித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. எனக்கு மறந்தே போயிருந்தது. பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். கதவோரம் ஒரு பலகைக் கல்லைக் கழுவி, கயிறு, கத்தி, திசைகாட்டி, கரிப்பிடித்த பானை, டார்ச் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினார்கள். சந்தனம் இல்லை. செம்மண்ணைக் குழைத்துப் பொட்டு வைத்தார்கள். சுவரோரம் பூத்திருந்த காசித்தும்பை மாலையானது. மாஸ்டர் வேட்டி இல்லாமல் அரைக்கால்சட்டையோடு சூடம் இல்லாத தட்டைச் சுற்ற, பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவரைவிட அருமையான மனிதர் கிடையாது. நேற்று அழுத இரண்டு பேரை இன்று பாடவைத்தார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கயிற்றைத் துடைத்தபோது கபிலன் ஓர் இடத்தைக் காட்டினான். பாறையில் உரசி இழை பிய்ந்திருந்தது. மாஸ்டர் வாங்கிப் பார்த்து, அந்த இடத்தை உள்ளே மடித்து ஒரு முடிச்சுப் போட்டார்.

விசிலையும் வைக்க வேண்டும் என்று அஃப்ரின் என்னிடம் கேட்டாள். கழற்றிக் கொடுத்தேன். கழுவினாள். கழுவியவள் வாயில் வைத்து ஊதிவிட்டாள்.

அவ்வளவு பெரிய சத்தம். கல் சுவர் நான்கிலும் மோதித் திரும்பியது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். தட்டைத் தூக்கியவன் தூக்கியபடி. சிரித்த பெண் வாய் திறந்தபடி. விறகைத் தாண்டப் போன மாஸ்டர், ஒரு காலை உயர்த்தி, அப்படியே நின்றார்.

இரண்டு நொடி இருக்கும். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

அஃப்ரின் பயந்துபோய், நனைந்த விசில் ஊதாது என்று மிஸ் சொன்னதால்தான் ஊதிப் பார்த்தேன் என்றாள். மாஸ்டர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கல்லில் வைத்தார். “உள்ள குண்டு இல்லாத விசில்மா இது. தண்ணிக்குள்ள முக்கி எடுத்தாலும் ஊதும். அதுக்காகத்தான இத வாங்குனது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. திருப்தி மாதிரி ஒன்று இருந்தது.

அதே நாள், மாலை

திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி தவறு. பிறகு திருத்துகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

மதியம் மழை கொஞ்சம் வெளுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், குடிசை இருக்கும் கரையில் குருசாமி நின்றார். பிள்ளைகள் கூட்டமாக ஓடிக் கத்தினார்கள். ஆற்றின் இரைச்சலில் ஒரு சொல்கூடப் போய்ச் சேராது. அவர் ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். பதினான்கு வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு தாளில் எதையோ எழுதி, பாலிதீனில் சுற்றி, கல்லோடு கட்டி வீசினார். முதல் கல் ஆற்றில் விழுந்தது. இன்னொரு தாள் எழுதினார். இரண்டாவது கல் மாஸ்டர் காலடியில் வந்து விழுந்தது. பிரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“என்ன மாஸ்டர், என்ன எழுதியிருக்காரு?”

“தண்ணி வடியுதாம்டா. சனிக்கெழம காலைல கடந்துரலாம்.”

ஒரே கூச்சல், விசில் சத்தத்தைவிடப் பெரிது. அக்கரையில் குருசாமி கையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வழியனுப்புகிறார் என்று நினைத்துப் பிள்ளைகளும் கையாட்டினார்கள்.

அஃப்ரின் மட்டும் கூச்சலில் சேரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சனிக்கிழமையும் நான் பதின்மூன்றாம் எண்தானா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அப்ப நீங்க எனக்குப் பின்னாடியே இருப்பீங்கல்ல?”

அதற்கும் ஆமாம் என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் எல்லோருடைய ஈரத் துணியையும் அடுப்பைச் சுற்றிக் கட்டிக் காயவைத்தேன். மாஸ்டரின் சட்டையைத் தட்டும்போது பையில் தாள் தட்டுப்பட்டது. தீயில் கருகிவிடக் கூடாதே என்றுதான் எடுத்தேன். படிக்க வேண்டும் என்றும்தான் எடுத்தேன். பால்பாயின்ட் பேனாவில் பெரிய பெரிய எழுத்து.

‘மாஸ்டர் யாரும் தண்ணில எறங்காதீங்க. மேல இன்னும் பெய்யுது. எஸ்டேட் பாதையில மண்ணு அள்ளிக்கிட்டு ஆளுக வாராக. ஞாயித்துக்கிழமை வந்துருவோம். அதுவரைக்கும் புள்ளைகள அங்கயே வச்சிருங்க. குருசாமி.’

மூன்று முறை படித்தேன். பிறகு அரிசியை அளந்து பார்த்தேன். மெல்லிய கஞ்சியாக வைத்தால் ஞாயிறு இரவு வரை வரும்.

அவர் ஆற்றோரம் தண்ணீர் மட்டம் பார்க்க நேற்று நட்ட குச்சியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், குருசாமி வேறு ஏதாவது எழுதியிருந்தாரா என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை.

“படிச்சிட்ட.”

அவரே சொல்லிக்கொண்டு போனார். மேல்பாதை வழியாக வருபவர்கள் சும்மா வர மாட்டார்கள். வனத்துறை வரும், தீயணைப்பு வரும். அனுமதி இல்லாத கரையில் பன்னிரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்ததாகப் படம் வரும். அதோடு குழுவுக்கு மூடுவிழா. “இருவது வருசம் சுகந்தி. ஒரே நாள்ல போயிரும். அதுக்கப்புறம் எவன் புள்ளைய அனுப்புவான்?”

தண்ணீர் இறங்கவில்லையே என்றேன். குச்சியைக் காட்டினார். இரண்டு விரல் இறங்கியிருந்தது. உண்மைதான், இரண்டு விரல்.

“நான் முன்னாடி போயி கயித்தக் கட்டுறேன். கபிலன் நடுவுல நிப்பான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ வழக்கம்போல கடைசில வா. அது போதும்.”

தலையை ஆட்டினேன். ஆம் என்றோ இல்லை என்றோ அதற்குப் பொருள் இல்லை. அவர் சொல்லி முடித்ததும் என் தலை ஆடும், அவ்வளவுதான்.

காரில் அவர் லாரியை முந்தும்போது என் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது. நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார், நடித்தும் காட்டுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். எத்தனை வருடம் அழுத்தியிருக்கிறேன் என்று இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு.

மத்தியானம் கபிலனைத் தனியாகக் கூப்பிட்டு, கயிற்றில் அந்த முடிச்சு தாங்குமா என்று கேட்டேன். அவன் யோசித்தான். அவன் விரல்கள் அந்த முடிச்சைப் பிடித்திருப்பதுபோல் மடங்கின. “மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மிஸ்” என்றான். நானும் பதினோரு வருடமாக இதையேதான் சொல்கிறேன்.

வெளிச்சம் போவதற்குள் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருத்திவிடுகிறேன்.

விசிலை நான் ஊதவில்லை. அது நனையவும் இல்லை. நான் அப்போது கரையில் நின்றிருந்தேன். கையில் எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன். தண்ணீர் டீ நிறமானதைப் பார்த்தேன், சருகு கும்பலாக வந்ததைப் பார்த்தேன். இரண்டுக்கும் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நானே இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். மூன்று பேர்தான் அக்கரையில். ஊதியிருந்தால் திரும்பியிருப்பார்கள், குருசாமி குடிசையில் சூடாகச் சாப்பிட்டிருப்போம். அக்கரையில் அவர் முகத்தைப் பார்த்தேன். ‘வா வா’ என்று கையசைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவு சந்தோஷமாக. எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்துவதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் அஃப்ரின் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

நனைந்துவிட்டது என்று அன்று மாலை நான் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர் பக்கத்திலேயே இருந்தார். அந்த விசிலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஒன்றும் சொல்லவில்லை. நான் ஊதமாட்டேன் என்பது அவருக்கு எப்போதுமே தெரியும். அதனால்தான் விதியை அவ்வளவு தாராளமாக எழுதினார். அதனால்தான் நான் பதினான்கு.

ஆனால் புதன்கிழமை அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஊதியது யார் என்று பார்ப்பதற்கு முன்னால், இரண்டு நொடி, நின்றார்.

அக்டோபர் 4, சனி, காலை ஐந்தரை

இன்று காலுறைகளுக்குப் புகையிலை தடவவில்லை. ஏன் என்று கேட்டார். தூள் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை, டப்பாவில் பாதி இருக்கிறது.

எழுந்ததும் முதலில் கஞ்சிக்கு அரிசியை ஊறவைத்தேன். ஒரு வேளைக்கு மட்டும் போடச் சொல்லியிருந்தார், மிச்சத்தைச் சுமக்க வேண்டாம் என்று. நான் இரண்டு வேளைக்குப் போட்டேன். விறகில் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து, மாலைக்கு என்று உள்ளே அடுக்கினேன். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டினேன். குருசாமியின் தாளை அவர் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை. இந்த நோட்டில்தான் இருக்கிறது.

குச்சியைப் போய்ப் பார்த்தேன். இரவில் மேலே எங்கோ பெய்திருக்க வேண்டும். நேற்றுத் தெரிந்த இரண்டு விரல் அடையாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. அவரும் பார்த்திருப்பார். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார்.

அஃப்ரின் ஷூ நாடாவை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டுகிறாள்.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. குழு இருக்காது. வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சமையலறையையும் வாசலையும் தாண்டி எதையும் கற்பனை செய்ய முடியவில்லை. அவர் என்னோடு பேசாமல் இருப்பார். எத்தனை நாள் என்பதுதான் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

வெளியே “ஒண்ணு” என்கிறார். ரெண்டு. மூணு. எண் என்னிடம் ஓடி வருகிறது. எப்போதும்போலப் பதினான்கு சொல்லிவிட்டு, நோட்டைப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் நிற்பேன். அவர் கால் தண்ணீரில் பட்டதும் ஊதுவேன். அந்த இரண்டு நொடி முடிவதற்குள் மறுபடியும் ஊதுவேன், அவர் கரைக்குத் திரும்பும் வரை. ஏன் என்று பிறகு கேட்கலாம். கேட்பார்கள். குருசாமியின் தாளைப் படித்துக் காட்டுவேன். அஃப்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது திங்கட்கிழமையைப் பற்றியும் சொல்லிவிடுவேன்.